வலியில்லாத மஞ்சள் காமாலையும் கணையமும்

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியும் பத்தியமுமே பலருக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. அசுத்தமான நீர், உணவு வழியாகப் பரவும் ஏ, ஈ வகை வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அதனால், எல்லாக் காமாலையும் அவ்வாறே தீரும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. பித்தநாளம் அடைபட்டு வரும் காமாலையோ வேறு வகையைச் சேர்ந்தது. அதற்குப் பித்தக் கல் காரணமாகலாம்; கணையப் புற்றுநோயும் காரணமாகலாம்.

கணையம் எங்கே உள்ளது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, சுமார் 15 செ.மீ. நீளத்தில் கணையம் அமைந்துள்ளது. செரிமான நீரையும் இன்சுலினையும் சுரப்பது இதுவே. கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் கணையத்தின் தலைப்பகுதி வழியாகக் குடலை அடைகிறது. ஆகவே, அங்கு தோன்றும் சிறு கட்டியும் பித்தநாளத்தை நெருக்கிக் காமாலையை உண்டாக்கும். உடற்பகுதியிலோ வாற்பகுதியிலோ கட்டி தோன்றினால் தொடக்கத்தில் பெரும்பாலும் காமாலை வருவதில்லை. நோய் தாமதமாகவே வெளிப்படும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• கண்ணும் தோலும் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், மலம் வெளிறிப்போதல், உடலெங்கும் அரிப்பு. வலியே இல்லாமலும் இவை தோன்றலாம்.

• பசியின்மை, காரணமின்றி எடை குறைதல். பத்தியம் இருப்பவர்கள் இதைப் பத்தியத்தின் விளைவென்று கருதிவிடுகின்றனர்.

• மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி. மல்லாந்து படுத்தால் மிகும். முன்புறம் குனிந்தால் சற்றுக் குறையும். தறிப்பட்டறையில் நாள் முழுவதும் நின்று உழைப்பவர்கள் இதை வேலை அலுப்பென்று எண்ணி வலி மாத்திரையோடு நாள் கடத்துவதுண்டு.

• ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வந்து, உடனே எடையும் குறைதல்.

• எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும் மலம்.

இவை இருந்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். காரணத்தை அறியாமல் விடவும் வேண்டாம். புகையிலைப் பழக்கம், நாள்பட்ட கணைய அழற்சி, குடும்பத்தில் இந்நோய் இருந்த வரலாறு ஆகியவை ஆபத்தைக் கூட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் இரத்தத்தில் பிலிரூபின் உள்ளிட்ட கல்லீரல் பரிசோதனைகளும், வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்யப்படும். குடலிலுள்ள வாயு மறைப்பதால் கணையம் அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஐயம் நீடித்தால் மருத்துவர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அடைப்பை நீக்க ஸ்டென்ட் வைப்பதாயின், அதற்கு முன்பே சி.டி. எடுக்க இயலுமா என்று கேளுங்கள். வைத்த பிறகு கட்டியின் எல்லையைக் கணிப்பது கடினமாகும்.

காமாலையுடன் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், அது அவசர நிலை. உடனே 108-ஐ அழையுங்கள்.

நிபுணரை ஏன் நாட வேண்டும்?

நோய் கண்டறியப்படும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே கட்டியை முழுமையாக அகற்ற முடிகிறது. தலைப்பகுதிக் கட்டிக்குச் செய்யப்படும் ‘விப்பிள்’ அறுவைச் சிகிச்சை மிகச் சிக்கலானது. இதனை அடிக்கடி செய்யும் மையங்களில் பலன் சிறப்பாக உள்ளது. எனவே, இரைப்பை, குடல் அறுவைச் சிகிச்சை நிபுணரும் புற்றுநோய் மருத்துவரும் இணைந்து பணியாற்றும் மையத்தை நாடுங்கள். அறுவைச் சிகிச்சை இயலாதவர்களுக்கும் மருந்துச் சிகிச்சை, அடைப்பு நீக்கம், வலி தணிப்பு ஆகியவை உண்டு.

நம் மாவட்டத்தில் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அருகில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. அங்கிருந்து உரிய மையத்துக்குப் பரிந்துரை பெறலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஆதார், முந்தைய ஸ்கேன் படங்கள், உண்ணும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து உட்கொண்டிருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

வீட்டில் ஒருவரின் கண் மஞ்சளாகத் தெரிந்தால், அந்த வாரத்திலேயே பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். சாதாரணக் காமாலை என்று தெரிந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம். வேறு காரணம் இருந்தால் சிகிச்சைக்குரிய காலம் கைநழுவாது.