வீட்டில் செய்யும் கேக்கிற்கு நியாய விலை

கிறிஸ்துமஸ், பிறந்த நாள், புதுநன்மை, திருமண நாள் என்று கேக் வெட்டாத விழாவே இல்லை என்னும்படி ஆகிவிட்டது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வீட்டு அடுக்களையிலேயே கேக் செய்து விற்கும் பெண்கள் இருக்கின்றனர். நம் மாணவியர் சிலருக்கு அவர்களே அன்னையராகவும் அக்காமாராகவும் இருக்கக்கூடும். கேக் செய்யும் முறையைச் சொல்லித் தரப் பலர் உண்டு. அதற்கு விலை வைக்கும் முறையைச் சொல்லித் தருவோர் குறைவு. ஆகவே அதனை இங்கே ஒரு கணக்குப் பாடமாகவே காண்போம்.

முதலில் பம்பாய் வரை சென்று வருவோம். 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனுடன் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே பின்னாளில் புகழ்பெற்ற லிஜ்ஜத் அப்பளம். அவர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேக்கைப் பற்றிய பாடத்தில் அப்பளத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு செய்திகளுக்காகவே அதைச் சொல்கிறோம். தொடக்கத்தில் அவர்கள் மலிவு விலைக்கென்று தரம் குறைந்த அப்பளத்தையும் சேர்த்து இட்டனர். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பரேக் அதை நிறுத்தச் சொல்லி, ஒரே தரத்தில் செய்யுங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்று அறிவுறுத்தினார். அடுத்தது, அங்கே அப்பளம் இடும் பெண்ணுக்கு இட்ட அப்பளத்தின் எடைக்கு ஏற்பக் கூலி உண்டு. 'வீட்டு வேலைதானே' என்று அவள் உழைப்பு கணக்கில் விடுபடுவதில்லை.

நம் ஊர் அடுக்களையில் விடுபடுவது அந்தக் கூலிதான்.

ஒரு கிலோ வெண்ணெய் கேக்கை எடுத்துக்கொள்வோம். மைதா, சர்க்கரை, வெண்ணெய் ஒவ்வொன்றும் 200 கிராம்; முட்டை நான்கு. மேற்பூச்சுக்கு வெண்ணெய் இன்னும் 100 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம். (வேகும்போது ஈரம் ஆவியாகி எடை சற்றுக் குறையும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.) இங்கே கூறும் விலைகள் எடுத்துக்காட்டுக்காகவே, நீங்கள் உங்கள் மளிகைச் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மைதா 12 ரூபாய், சர்க்கரை 20, வெண்ணெய் 180, முட்டை 28, எசென்சும் பேக்கிங் பவுடரும் 15, ஆக 255. பெட்டியும் அடி அட்டையும் 45. மின்சாரம் 20. மொத்தம் 320 ரூபாய். இதைப் பார்த்துவிட்டு 'நானூறு வைத்தால் எண்பது லாபம்' என்று மகிழ்வோர் பலர்.

அந்த எண்பது லாபமா? சாமான் வாங்கி வருவது, மாவு கலப்பது, அடுப்பின் அருகே காத்திருப்பது, ஆறவைத்துப் பூசுவது, பாத்திரம் துலக்குவது என நான்கு மணி நேரம் போய்விடுகிறது. அப்படியானால் மணிக்கு 20 ரூபாய். 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். எட்டு மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 40. ஏரிக்கரையில் மண் சுமந்த பெண்ணின் கூலியில் பாதியைத்தான் கேக் செய்த பெண் தனக்குக் கொடுத்துக்கொண்டாள்! திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல், இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்கிறது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே பெண்ணாக இருக்கும்போதும் அது பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.

எனவே குறைந்தது மணிக்கு 40 வீதம் 160 ரூபாயைச் சேர்த்தால் 480. பீட்டர் பழுதாகும், ஒரு நாள் கேக் நடுவில் அமுங்கிவிடும். அதற்காகப் பத்தில் ஒரு பங்கு, 48. ஆக அடக்கமே 528 ரூபாய். 600 ரூபாய் என்று சொல்ல நா கூச வேண்டியதில்லை. பேருந்து நிலையத்துப் பேக்கரியில் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். மூட்டை மூட்டையாக மாவு வாங்கி, ஒரே அடுப்பில் பல கேக்குகளை வேகவைக்கும் கடையோடு நம் சிறு அடுப்பை ஒப்பிடுவது முறையன்று. அதே சமயம், வெண்ணெய்க்கு விலை வாங்கிக்கொண்டு வனஸ்பதி போடுவதும் நியாயமன்று.

இனி எல்லை வகுப்பது. இது கணக்கைவிடக் கடினம், ஏனெனில் கேட்பவர் பெரும்பாலும் சொந்தக்காரர். "நம்ம வீட்டுப் பிள்ளைக்குத்தானேம்மா, பார்த்துப் போட்டுக் கொடு" என்று அத்தை கேட்டால் என்ன செய்வது? "விலை எல்லாருக்கும் ஒண்ணுதான் அத்தை, பேரு மட்டும் ரொம்ப அழகா எழுதித் தர்றேன்" என்று சிரித்தபடி சொல்லலாம். அண்ணன் மகனுக்கு அன்பளிப்பாகத் தர விரும்பினால் முழுவதுமே அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள். பாதி அன்பு, பாதி வியாபாரம் என்றால் இருவர் மனத்திலும் குறை தங்கிவிடும். (கன்னியர் மடத்திற்குக் கொடுக்கும் கேக்கிற்கும் இதே விதிதான், அருட்சகோதரியர் பொறுத்தருள்க.)

பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகே வெண்ணெய் வாங்க வேண்டும். இரண்டு நாள் முன்னதாகச் சொல்லாத ஆர்டரை ஏற்க வேண்டாம். அடுப்பு ஒரு நாளில் எத்தனை கேக் தாங்குமோ அத்தனையே கணக்கு. இரவு பத்து மணிக்கு வரும் தொலைபேசிக்குக் காலையில் பதில் சொன்னால் போதும். மே மாதத்தில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குச் சுமார் 40 கிலோமீட்டர் பேருந்தில் போகும் வெண்ணெய்ப் பூச்சு உருகாமல் தப்பாது. அங்கிருந்து கேட்போரை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அல்லது வாடகை வண்டிச் செலவைத் தனியாக எழுதிக் காட்டலாம். விற்பவருக்கும் கடமை உண்டு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வீட்டிலிருந்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். முட்டை, முந்திரி சேர்ந்திருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாணவியரே, வீட்டில் செய்து பார்க்க ஒரு கணக்கு: ஒரு கிலோ 600 என்றால் அரைக் கிலோ 300தானே என்று ஒருவர் கேட்கிறார். சாமான் பாதியாகும், 128 ரூபாய். பெட்டி பாதியாகாது, 35. அடுப்பு ஏறக்குறைய அதே நேரம் எரியும், 15. வேலை நான்கு மணியிலிருந்து மூன்றாகத்தான் குறையும், 120. கூட்டினால் 298, பழுதுக்கான பங்கு இன்னும் சேரவில்லை. அரைக் கிலோவுக்கு நீங்கள் என்ன விலை சொல்வீர்கள்?