லைனில் நிற்பவர் எப்படி 'நிபுணர்' ஆனார்?

கேள்வி: ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறேன். சம்பளம் போடுவதும் பி.எஃப். கட்டுவதும் மேன்பவர் கான்ட்ராக்டர். பி.எஃப். அலுவலகத்தின் மாதக் கணக்கில் எங்களைப் போன்றவர்கள் 'நிபுணர் சேவை' என்ற தலைப்பில் வருகிறார்களாமே? நான் பிளஸ் டூ. இந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது?
- வாசகி ஒருவர், ஒரகடம்

பதில்: டெல்லியிலிருந்து. 1971 மே 17-ஆம் தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை கொடுத்த பட்டம் அது.

1952-இல் பி.எஃப். சட்டம் வந்தபோது சிமெண்ட், சிகரெட், இன்ஜினீயரிங், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி என்று ஆறு தொழில்களுக்குத்தான் பொருந்தியது. மற்றவற்றைப் பின்னால் ஒவ்வோர் அறிவிக்கையாகப் போட்டுச் சேர்த்தார்கள். 1971-இல் சேர்ந்த இனத்தில் மூன்று வகையினர்: நிறுவனங்களுக்கு ஆள் அனுப்புபவர்கள், உள்விசாரணைக்கு ஆலோசனை சொல்பவர்கள், திருட்டையும் சம்பளப் பட்டியல் தில்லுமுல்லையும் சரிசெய்பவர்கள். பின்னிரண்டு வகையினருக்கு நிபுணர் என்ற பெயர் பொருந்தும். இன்று அந்தத் தலைப்பை நிரப்புவதோ மேன்பவர் ஏஜென்சிகளும் கான்ட்ராக்டர்களும் செக்யூரிட்டி கம்பெனிகளும்தான்.

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு பிப்ரவரியில். சிப்காட் பிறந்ததும் 1971-தான். உங்கள் பக்கம் ஹூண்டாய் வந்து இருங்காட்டுக்கோட்டையில் இறங்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

'நாங்கள் ஆளைக் காட்டிவிடுகிறோம், சம்பளம் கொடுப்பது வாடிக்கையாளர்' என்று கான்பூர் செக்யூரிட்டி நிறுவனம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடிப் பார்த்தது. 2020 டிசம்பரில் வந்த தீர்ப்பு, அதே பழைய அறிவிக்கையைக் காட்டி, பி.எஃப். கட்டத்தான் வேண்டும் என்றது. ஆக, பெயர் வேடிக்கையாக இருந்தாலும் உங்கள் பாஸ்புக்கில் பணம் ஏறுவதற்கு அது உதவுகிறது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 2018 ஏப்ரலில் இருந்து பி.எஃப். நிறுவனம் புதிதாகச் சேர்ந்தவர்கள் கணக்கை மாதாமாதம் தொழில்வாரியாகவும் மாநிலவாரியாகவும் வெளியிடுகிறது. பல மாதங்களில் நிகரச் சேர்க்கையில் 40 சதவீதம் அளவுக்கு இந்த ஒரே தலைப்பில் விழுகிறது. அதைப் பார்த்து, சேவைத் துறை கொழிக்கிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்க மாட்டேன். பி.எஃப். கணக்கு பார்ப்பது பணம் கட்டுபவரை. நீங்கள் எந்த மெஷின் முன்னால் நிற்கிறீர்கள் என்பதை அல்ல. ஆலைகளின் வருடாந்தரக் கணக்கெடுப்பு ஆலையையே கேட்கிறது: நேரடியாக எத்தனை பேர், கான்ட்ராக்டர் மூலம் எத்தனை பேர் என்று. அதில் நீங்கள் உற்பத்தித் துறை. ஒரே ஆள், ஒரே ஷிப்ட், இரண்டு துறை. பக்கத்து லைனில் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் நிற்கும் பையனோ பி.எஃப். கணக்கில் எங்குமே இல்லை.

மாநிலக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். உங்கள் பி.எஃப். மெம்பர் ஐ.டி.யின் முதல் ஐந்து எழுத்து எந்த மண்டலம், எந்த அலுவலகம் என்று சொல்லும். வெளிமாநிலக் கோடில் பணம் கட்டும் கான்ட்ராக்டராக இருந்தால், நீங்கள் அந்த மாநிலக் கணக்கில் வருவது தெரிந்துவிடும்.

கேள்வி: ஆளை வாடகைக்கு அனுப்பும் கம்பெனிகளை முதலில் தொடங்கியது யார்?
- வாசகர் ஒருவர், சுங்குவார்சத்திரம்

பதில்: மேஸ்திரியும் கங்காணியும் அதற்கெல்லாம் முந்தியவர்கள். இன்றைய கம்பெனி வடிவம் பரவியது அமெரிக்காவிலிருந்து. 1946-இல் ரஸ்ஸல் கெல்லி தன் அலுவலகத்தில் டைப்பிங், கணக்கு வேலைகளை வாங்கிச் செய்துகொடுத்தார். 'வேலையை அங்கே அனுப்புவானேன், டைப்பிஸ்டை இங்கே அனுப்புங்கள்' என்று வாடிக்கையாளர்கள் கேட்க, அதுவே தொழிலானது. இரண்டு வருடத்தில் மில்வாக்கியில் இரண்டு வக்கீல்கள் 'மேன்பவர்' கம்பெனியைத் தொடங்கினார்கள். நம் ஊரில் அது பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. அங்கும் உங்கள் ஊர்க் கதைதான்: ஏஜென்சி அனுப்பிய ஆள் கார் லைனில் போல்ட் முடுக்கினாலும், அமெரிக்க அரசின் மாதாந்தர வேலைவாய்ப்புக் கணக்கில் வக்கீல், ஆடிட்டர், ஆர்க்கிடெக்ட் இருக்கும் பிரிவில்தான் அவர் வருவார். கெல்லி கடை போட்ட ஊர், சென்னைக்குப் பட்டப்பெயராக நாம் கடன் வாங்கிய அதே டெட்ராய்ட்.