வாணவேடிக்கை இசை தரும் பாடம்

முன்னுரை

விழா என்றால் அங்கே இசை இருத்தல் வேண்டும். திருமணமாயினும் தேர்த்திருவிழாவாயினும் கண்ணுக்கு எதுவும் தெரியும் முன்பே காதுக்கு எட்டுவது இசைதான் அன்றோ! இவ்வாண்டு எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்காகப் பேண்டு குழுவினராகிய நாங்கள் இரண்டு மாதங்கள் பயிற்சி செய்தோம். பூகிள் ஊதி ஊதி உதடு வீங்கியவர்களும், டிரம் அடித்து அடித்துக் கை காய்த்தவர்களும் எங்களுள் உண்டு. ஆனால் விழா நாளன்று காலையில் பிடித்த மழை மாலை வரை விடவில்லை. மைதானம் குளமாயிற்று. அணிவகுப்பும் இல்லை, பேண்டும் இல்லை. தேய்த்து மடித்த வெள்ளைச் சீருடையோடு வகுப்பறையில் அமர்ந்திருந்தோம். சிலர் அழுதே விட்டனர். “விழாவே இல்லையென்றான பிறகு விழா இசையைக் கற்று என்ன பயன்?” என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள்.

எங்களுக்கு இசை கற்பிக்கும் சிஸ்டர் அப்போது அதற்கு விடை சொல்லவில்லை. அடுத்த இசை வகுப்பில் ஓர் இசைப்பதிவை ஒலிக்கச் செய்தார். டிரம்பெட்டுகளும் முரசுகளும் சேர்ந்து அதிர்ந்தபோது, கடைசி வரிசையில் சோர்ந்து சாய்ந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தோம். அது ஹாண்டெல் என்பவர் 1749-ஆம் ஆண்டில் இயற்றிய ‘அரச வாணவேடிக்கை இசை’. அதன் வரலாற்றைக் கேட்டும் படித்தும் நாங்கள் அறிந்தவற்றைத் தோழியருக்கும் சொல்ல விரும்பியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அமைதிக்கு ஒரு விழா

ஐரோப்பாவில் 1740 முதல் 1748 வரை ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் நடந்தது. 1748 அக்டோபரில் எக்ஸ்-லா-ஷப்பேல் என்னும் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாகி அப்போர் முடிவுற்றது. அதைக் கொண்டாட இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் பெரியதொரு வாணவேடிக்கைக்கு ஏற்பாடு செய்தார். லண்டனில் உள்ள கிரீன் பார்க் என்னும் பூங்காவில், செர்வந்தோனி என்ற மேடைக் கலைஞரின் திட்டப்படி ஒரு மாளிகை எழுந்தது. ஏறத்தாழ 400 அடி நீளமும் 100 அடிக்கு மேல் உயரமும் உடைய அம்மாளிகை உண்மையான கல் மாளிகை அன்று. மரச்சட்டத்தின் மேல் துணியைப் போர்த்திக் கல்லைப் போல் வண்ணம் தீட்டியது. இந்தச் செய்தியைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

விழாவுக்கு இசை அமைக்கும் பொறுப்பு ஹாண்டெலிடம் வந்தது. அவர் 1685-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்து, லண்டனில் குடியேறி, 1727-இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். 1737-இல் பக்கவாத நோயால் தாக்குண்டு, தேறி எழுந்தவர். இந்த இசையை எழுதும்போது அவருக்கு வயது 64. அத்தனை துள்ளலான இசையை எழுதியவர் இளைஞர் அல்லர் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

மன்னரும் வயலினும்

தொடக்கத்திலேயே ஒரு தகராறு எழுந்தது. வயலின் கூடாது, போர்க்களத்தில் முழங்கும் கருவிகளே வேண்டும் என்பது மன்னரின் விருப்பம். ஹாண்டெலோ வயலின்களையும் சேர்க்க விரும்பினார். ஏற்பாடுகளுக்குப் பொறுப்பாயிருந்த மாண்டேகு பிரபு இதுபற்றி வருத்தத்துடன் எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன.

இங்கே நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேனாட்டு இசைக்குழுக்களில் ஆர்க்கெஸ்ட்ரா என்பது வேறு, பேண்டு என்பது வேறு. ஆர்க்கெஸ்ட்ராவின் உயிர்நாடி வயலின் முதலான நரம்புக் கருவிகள். பேண்டில் பெரும்பாலும் ஊதும் கருவிகளும் அடிக்கும் கருவிகளுமே உண்டு. நான்கு சுவர்களும் கூரையும் உள்ள மண்டபத்தில் வயலினின் ஒலி எதிரொலித்து நிறையும். திறந்த வெளியிலோ அது காற்றோடு போய்விடும். ஆகவே மன்னர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஹாண்டெலின் கையெழுத்துப் படியில் 24 ஓபோக்கள், 12 பஸ்ஸூன்கள், 9 டிரம்பெட்டுகள், 9 ஹார்ன்கள், 3 இணை கெட்டில் டிரம்கள் என்று எண்ணிக்கை குறிக்கப்பட்டுள்ளது. ஓபோவும் பஸ்ஸூனும் நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதப்படுபவை. ஊர்வலத்தின் முன்னே செல்லும் நாகசுரம் தெருக்கோடி வரை கேட்பதை நாம் அறிவோம். அப்படியானால் 24 ஓபோக்கள் சேர்ந்து ஒலித்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

டிரம்பெட்டில் எத்தனை சுரங்கள்?

எங்கள் பூகிளில் பொத்தானும் இல்லை, துளையும் இல்லை. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் மட்டுமே சுரத்தை மாற்ற வேண்டும். ஹாண்டெல் காலத்து டிரம்பெட்டும் அத்தகையதே. டிரம்பெட்டில் இன்று நாம் காணும் வால்வு அப்போது இல்லை. வால்வுக்கான காப்புரிமை 1818-இல்தான் பெர்லினில் பெறப்பட்டது.

குழலுக்குள் இருக்கும் காற்று இரண்டாக, மூன்றாக, நான்காகப் பகுந்து அதிரும்போது வெவ்வேறு சுரங்கள் பிறக்கின்றன. கீழிருந்து மேலே போனால் முதலில் ச, பிறகு ப, பிறகு மேல் ச, அதன்பின் க, ப என்று அவை வரும். எங்கள் பூகிளில் நாங்கள் ஊதுவது இந்த ஐந்தைத்தான். ஹாண்டெல் காலத்து டிரம்பெட் ஏறத்தாழ 7 அடி நீளமுள்ள குழலை வளைத்துச் செய்தது. அதில் இன்னும் மேலே ஏறி ஊதலாம். அங்கே சுரங்கள் நெருங்கி வருவதால் ராகம் போலத் தொடர்ந்து இசைக்க முடியும். ஆயினும் அவற்றுள் ஓரிரண்டு சுருதி பிசகியே நிற்கும்.

ஹாண்டெல் இந்த இசையை ‘டி’ சுருதியில் அமைத்ததற்குக் காரணம், அவருடைய டிரம்பெட்டுகள் அந்தச் சுருதிக்கு உரியவை என்பதே. கெட்டில் டிரம்களையும் ஓர் இணையில் ஒன்று ச, மற்றொன்று ப என்று சுருதி கூட்டுவார்கள். ச, க, ப ஆகிய மூன்றும் சேர்ந்து ஒலிப்பதையே நம் காது வெற்றி என்றும் விழா என்றும் கொள்கிறது. சில சுரங்களே கைவசம் இருந்தும் அவற்றைக் கொண்டே அவர் இத்தனை பெரிய மகிழ்ச்சியைக் கட்டினார் என்பதை அறிந்த நாள் முதல், எங்கள் பூகிளைக் குறைத்துப் பேசுவதை நாங்கள் விட்டுவிட்டோம்.

இசையின் அமைப்பு

இந்த இசை ஐந்து பகுதிகளாக அமைந்துள்ளது.

1. முகப்பிசை: இதுவே மிக நீண்ட பகுதி. மன்னர் நடந்து வருவதுபோல மெதுவாகவும் கம்பீரமாகவும் தொடங்கிப் பின் விரைவு கொள்கிறது. டிரம்பெட்டுகளும் ஹார்ன்களும் மாறி மாறிக் கேள்வியும் பதிலும் போல முழங்குகின்றன.

2. பூரே: இது ஒரு பிரெஞ்சு நடனம். இதில் டிரம்பெட்டும் ஹார்னும் வாய் திறப்பதில்லை. ஓபோவும் பஸ்ஸூனும் மட்டும் மெல்ல நடமாடுகின்றன.

3. ‘அமைதி’: தொட்டிலை ஆட்டுவது போன்ற நடை. போர் முடிந்த வீட்டில் தாய் மூச்சு விடுவதுபோல் எங்களுக்குத் தோன்றியது.

4. ‘களிப்பு’: எங்கள் வகுப்பு முழுவதும் மறுபடியும் கேட்க வேண்டும் என்று கெஞ்சிய பகுதி இதுவே. ஒரே இசையை மூன்று முறை வாசிக்கிறார்கள். முதல் முறை டிரம்பெட்டுகள் முன்னிற்கின்றன. இரண்டாம் முறை அவை ஓய்ந்து, ஹார்ன்கள் முன்வருகின்றன. மூன்றாம் முறை எல்லாரும் சேர்ந்து முழங்குகிறார்கள்.

5. இரண்டு மினுவெட் நடனங்கள்: முதலாவது அடக்கமானது. இரண்டாவது எல்லாக் கருவிகளும் கூடி நிறைவு செய்வது.

‘களிப்பு’ப் பகுதியைக் கேட்டு முடித்ததும் சிஸ்டர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். “மூன்றாம் முறை ஏன் அவ்வளவு இனித்தது?” சத்தம் கூடியதால் என்றோம். “முதல் முறையே எல்லாரும் வாசித்திருந்தால்?” என்றார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒரு சாரார் வாசிக்கும்போது மற்றவர் பொறுத்திருந்ததால்தான் இறுதியில் அந்த முழக்கம் எழுகிறது. எங்கள் பேண்டில் பெரிய டிரம் அடிப்பவள், “எனக்கு எட்டு எண்ணிக்கைக்கு ஓர் அடிதானே” என்று எப்போதும் குறைபட்டுக்கொள்வாள். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒத்திகையும் விழாவும்

விழாவுக்கு ஆறு நாள் முன்பு, 1749 ஏப்ரல் 21 அன்று, வாக்ஸ்ஹால் பூந்தோட்டத்தில் பொது ஒத்திகை நடந்தது. நுழைவுக் கட்டணம் 2 ஷில்லிங் 6 பென்ஸ். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள் என்றும், லண்டன் பாலத்தில் மூன்று மணி நேரம் வண்டி எதுவும் நகர முடியவில்லை என்றும் அக்காலப் பத்திரிகை எழுதியது. ஒத்திகைக்கே இவ்வளவு கூட்டம் என்றால் விழா எப்படி நடந்திருக்கும்?

ஏப்ரல் 27 அன்று விழா வந்தது. மழையும் வந்தது! இந்த இடத்தை சிஸ்டர் சொன்னபோது நாங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். இசை முழங்கியது, பீரங்கிகள் வெடித்தன. ஆனால் நனைந்துபோன வாணங்கள் பல சரியாக எரியவில்லை. எரிய வேண்டாத மாளிகையோ எரிந்தது. அதன் ஒரு பக்கத்து மண்டபத்தில் தீப்பற்றிக்கொண்டது. மரமும் துணியும்தானே! ஆத்திரமடைந்த செர்வந்தோனி, வாணவேடிக்கை அதிகாரியின் மீது வாளை உருவினார். உடனே அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்ட பிறகே விடுவித்தார்கள். அமைதியைக் கொண்டாடும் விழாவில் வாள் உருவப்பட்டது வேடிக்கையிலும் வேடிக்கை அல்லவா?

குழந்தைகளுக்குக் கிடைத்த பரிசு

கதை அத்துடன் முடிந்திருந்தால் நாங்கள் எழுத ஒன்றுமிராது. அக்காலத்தில் லண்டன் தெருக்களில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் பல்லாண்டுகள் பாடுபட்டு, 1739-இல் அரச அனுமதி பெற்று ஓர் இல்லத்தை நிறுவியிருந்தார். அதன் சிற்றாலயம் கட்டி முடிக்கப்படாமல் நின்றது. விழா நடந்து சரியாக ஒரு மாதத்திற்குப் பின், 1749 மே 27 அன்று, அந்தச் சிற்றாலயத்திலேயே ஹாண்டெல் ஓர் இசை நிகழ்ச்சி நடத்தி அதன் நிதிக்கு உதவினார். மன்னருக்காக எழுதிய வாணவேடிக்கை இசை அன்று அக்குழந்தைகளுக்காக மீண்டும் முழங்கியது. கூரையின் கீழ் நடந்த அந்நிகழ்ச்சியில் அவர் விரும்பிய வயலின்களுக்கும் இடம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு முதல் தம் புகழ்பெற்ற ‘மெசையா’ இசையையும் அதே இல்லத்தின் நிதிக்காக நடத்தத் தொடங்கினார். பின்னாளில் கண்பார்வையை இழந்தபோதும் அவ்வில்லத்தை அவர் மறக்கவில்லை. ‘மெசையா’வின் படி ஒன்றை அதற்கே உரிமையாக்கி உயில் எழுதிவிட்டு, 1759 ஏப்ரல் 14-இல் உயிர் துறந்தார்.

பிற்காலத்தில்

இருநூறு ஆண்டுகள் கழிந்து, 1959 ஏப்ரலில் அவரது நினைவு நாளை ஒட்டி, சார்லஸ் மெக்கரஸ் என்ற இசை நடத்துநர் முதல் விழாவில் போலவே ஊதும் கருவிகளைத் திரட்டி இதைப் பதிவு செய்தார். 26 ஓபோ கலைஞர்களை ஒரே இடத்தில் சேர்ப்பது எளிதா? லண்டனில் அன்றைய நிகழ்ச்சிகள் எல்லாம் முடிந்த பிறகு, இரவு பதினொரு மணிக்கு மேல் அவர்கள் வந்து கூடி, நள்ளிரவு தாண்டி வாசித்தார்களாம்.

விழாவுக்காகப் பிறந்து, விழா முடிந்த பின்னும் வாழும் இசை இது ஒன்று மட்டுமன்று. சோவியத் நாட்டு ஷோஸ்டகோவிச் 1948-இல் அரசின் கண்டனத்துக்கு ஆளாகி, ஆசிரியப் பணியையும் இழந்தவர். அவரிடமே 1954-இல் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் நடக்கவிருந்த ஒரு விழாவுக்கு அவசரமாக இசை கேட்டார்கள். அவர் எழுத எழுத, மை காயாத தாள்களை ஆட்கள் வாங்கிக்கொண்டு ஓடினார்கள் என்று உடனிருந்த நண்பர் கூறியுள்ளார். டிரம்பெட் முழக்கத்தோடு தொடங்கும் அந்த ‘விழா முகப்பிசை’ பேண்டுக்கும் மாற்றி எழுதப்பட்டு, அந்த விழாவை அறியாத மாணவர்களும் இன்று பல நாடுகளில் வாசிக்கும் இசையாயிற்று.

முடிவுரை

“விழாவே இல்லையென்றான பிறகு விழா இசையைக் கற்று என்ன பயன்?” என்ற கேள்விக்கு இப்போது எங்களுக்கு விடை தெரியும். 1748-இல் ஏற்பட்ட அமைதி எட்டு ஆண்டுகளே நிலைத்தது. 1756-இல் மறுபடியும் பெரும்போர் மூண்டது. துணி மாளிகை எரிந்தது, வாணங்கள் நனைந்தன. எவற்றிற்காக இசை வேண்டுமென்று கேட்டார்களோ அவையெல்லாம் போயின. பலர் பொறுமையோடு பயின்று சேர்ந்து வாசித்த இசை மட்டும் ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்தைத் தேடிச் சென்றது. அங்கிருந்து உலகெங்கும் சென்று எங்கள் வகுப்பறைக்கும் வந்தது.

மறுவாரம் ஒருநாள் மதிய இடைவேளையில், தலைமை ஆசிரியையான சிஸ்டரின் அனுமதி பெற்று, தாழ்வாரத்தில் வரிசையாக நின்று நாங்கள் பயின்றதை வாசித்தோம். சீருடை இல்லை, கொடி இல்லை, விருந்தினரும் இல்லை. பூகிள் இரண்டிடத்தில் பிசிறியது. பெரிய டிரம் ஒருமுறைகூடத் தவறவில்லை. சாப்பாட்டு டப்பாவை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் எங்கள் பின்னால் அணிவகுத்துத் தாழ்வாரத்தின் கோடி வரை நடந்தார்கள்; முடிந்ததும், “அக்கா, இன்னொரு தடவை!” என்றார்கள். நாங்கள் மூன்று தடவை வாசித்தோம்.