முந்திக் கட்டிய கடன்: ஊரடங்குக் காலம் தந்த கணக்குப் பாடம்

இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடுவது புதிதல்ல. வெளிக்கிடும்போது எதை முதலில் கையில் எடுக்க வேண்டும் என்பதும் தெரியும்: காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை. ஆனால் 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, ஓடாதீர்கள், வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லப்பட்டது. யாழ்ப்பாணம் உட்பட ஆறு மாவட்டங்கள் அபாயம் கூடியவை என்று அறிவிக்கப்பட்டன. அம்மாவட்டங்களில் கட்டுப்பாடு நீண்டது. ஜூன் மாத இறுதியில்தான் ஊரடங்கு முற்றாக நீங்கியது.

அந்த வீட்டின்மேல் கடன் இருந்த குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. சந்தை மூடலாம், பஸ் நிற்கலாம், வட்டி நிற்பதில்லை. அம்மாதங்களில் சிலர் தவணையைப் பிற்போட்டார்கள். சிலர் முந்திக் கட்டினார்கள். எது நன்மை தந்தது? இக்கேள்வியை ஒரு பாடமாக எடுத்துப் படிப்போம்.

கடன் எப்படி வந்தது?

போருக்குப் பின் மீள்குடியேறிய பல குடும்பங்களுக்கு இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ் 5,50,000 ரூபா கிடைத்தது. அது கடன் அல்ல, நன்கொடை. ஆனால் சீமெந்து, மணல், கூலி எல்லாம் விலை ஏறிய காலம் அது. அத்திவாரத்தைச் சற்றுப் பெரிதாகப் போட்டவர்கள், கதவு நிலை வைக்கவும் பூச்சுப் பூசவும் கடன்பட்டார்கள். சிலர் காணியை வங்கியில் ஈடு வைத்தார்கள், சிலர் நகையை அடகு வைத்தார்கள்.

அத்தகைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாயும் தகப்பனும் எட்டுப் பரப்புக் காணியில் வெங்காயமும் மரக்கறியும் செய்கிறார்கள். மூத்த மகனுக்கு மாதச் சம்பளம் உண்டு. 2019 மார்ச்சில் 3,00,000 ரூபாவை ஆண்டுக்கு 12 வீத வட்டியில், ஐந்து ஆண்டில் கட்டி முடிப்பதாக எடுத்தார்கள். வட்டி, மிஞ்சியுள்ள முதலுக்கு மட்டும். மாதத் தவணை ஏறக்குறைய 6,673 ரூபா.

முதல் மாதத் தவணையில் 3,000 ரூபா வட்டிக்குப் போகிறது. 3,673 ரூபாதான் முதலைக் குறைக்கிறது. ஓராண்டில் ஏறக்குறைய 80,000 ரூபா கட்டிய பின்பும் முதலில் குறைந்தது 46,600 ரூபா மாத்திரமே. மிச்சம் 2,53,400 ரூபா. இந்த நேரத்தில்தான் ஊரடங்கு வந்தது.

வீட்டுக்குள் இருந்த மாதங்கள்

அந்த வீட்டில் என்ன நடந்தது? வெங்காயம் பிடுங்கியாயிற்று, கொழும்புக்கு ஏற்ற வழியில்லை. கத்தரிக்காயை ஒழுங்கைக்குள் வைத்து அயலவருக்கு விற்றார்கள், பாதியைச் சும்மா கொடுத்தார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு கொடுத்த 5,000 ரூபா, அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் போயிற்று. பிள்ளைகளின் பாடங்கள் தொலைபேசிக்கு வந்ததால் அதற்கும் காசு வேண்டியிருந்தது.

மறுபக்கத்தில் சில செலவுகள் தாமாகவே நின்றன. மகனின் மோட்டார் சைக்கிள் எண்ணெய், தேநீர்க்கடை, பஸ் காசு, கலியாணவீடுகளுக்குக் கொடுக்கும் மொய். மகளின் சாமத்தியச் சடங்குக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த 60,000 ரூபாவும் செலவாகாமல் இருந்தது. மண்டபம் இல்லை, வீட்டாரோடு சடங்கு முடிந்தது.

அந்தக் காசை என்ன செய்வது என்று வீட்டில் வாக்குவாதம் வந்தது. எல்லாவற்றையும் கடனுக்குக் கட்டிவிடுவோம் என்றான் மகன். விதைவெங்காயம் யார் தருவார் என்று கேட்டாள் தாய். முடிவில் பாதியை அரிசிக்கும் விதைக்கும் வைத்துக்கொண்டு, பாதியைக் கடனில் கட்டினார்கள்.

இரண்டு கணக்குகள்

முதற் கணக்கு: 30,000 ரூபாவை முந்திக் கட்டுதல். மிஞ்சிய முதல் 2,23,400 ரூபாவாக இறங்குகிறது. மாதத் தவணையை மாற்றாமல் கட்டினால், 48 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 41 மாதத்தில் முடிகிறது. வட்டியில் மிச்சம் ஏறக்குறைய 17,000 ரூபா.

இரண்டாவது கணக்கு: தவணையைப் பிற்போடுதல். 2020 மார்ச்சில் மத்திய வங்கி, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தவணைச் சலுகை வழங்கும்படி வங்கிகளுக்கு அறிவித்தது. கையில் ஒன்றுமே இல்லாதவருக்கு அது பெரும் உதவி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவணை நிற்கிறது, வட்டி வேண்டாம் என்று எழுத்தில் தராவிட்டால் வட்டி ஓடுகிறது. நாம் எடுத்த கடனுக்கு 12 வீதத்திலேயே வட்டி ஓடினால், ஆறு மாதத்தில் 15,000 ரூபாவுக்கு மேல் கூடும்.

ஆகவே சலுகையை மன்னிப்பு என்று எண்ணலாகாது. உண்மையில் இயலாதவர் அதை எடுக்க வேண்டும். இயன்றவர் எடுக்காதிருப்பதே இலாபம்.

முந்திக் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. வட்டி எதற்கு? மிஞ்சிய முதலுக்கா, எடுத்த முழுத் தொகைக்கா? அதே 3,00,000 ரூபாவுக்கு, அதே 12 வீதத்தை முழுத் தொகைக்கும் ஐந்தாண்டும் போட்டால் வட்டி 1,80,000 ரூபா. தவணை 8,000 ரூபா. வீதம் ஒன்றே, வித்தியாசமோ ஏறக்குறைய 80,000 ரூபா. இத்தகைய கடனில் முந்திக் கட்டினால் வட்டி குறையுமா என்பதையும் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

2. மேலதிகமாகக் கட்டுவது முதலில் கழிக்கப்படுமா, வரப்போகும் தவணையாக வைக்கப்படுமா? முதலில் கழித்தால்தான் நன்மை முழுமையாகக் கிடைக்கும். பற்றுச்சீட்டில் அப்படி எழுதுவிக்கவும்.

3. முந்திக் கட்டுவதற்குத் தண்டப் பணம் உண்டா?

4. எந்தக் கடன் முதலில்? வட்டி கூடியதை முதலில் அடையுங்கள். வீட்டுக் கடன் 12 வீதமாயிருக்க, மாதம் நூற்றுக்கு மூன்று ரூபா வாங்கும் கைமாற்றுக் கடன் ஆண்டுக்கு 36 வீதம் தின்கிறது.

காணியை ஒற்றிக்குக் கொடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. ஒற்றியில் காணியின் விளைச்சலே வட்டி. பகுதிப் பணம் கொடுப்பதால் மட்டும் காணி கைக்கு வராது. முழுத் தொகையையும் சேர்த்து, பயிர்க்காலம் பார்த்து மீட்க வேண்டும்.

பின்னால் வந்தது

2021இல் மறுபடியும் ஊரடங்கு. அதே ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சத விகிதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் பட்டிருந்தவர்களின் தவணை ஏறியது. முதலை முன்னரே குறைத்திருந்தவர்களுக்கு அடி சற்றுக் குறைவு.

எனினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு செப்டெம்பரில் விலைவாசி, முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 70 வீதம் கூடியிருந்தது. விதையையும் அரிசியையும் விற்றுக் கடன் அடைத்தவர், அவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. எனவே அந்தத் தாய் கேட்ட கேள்வி சரியானதே. ஒரு போகத்துக்கு விதை, மூன்று மாதத்துக்குச் சாப்பாடு, மருந்துக்குச் சிறு தொகை: இவற்றை வைத்துக்கொண்டு மிஞ்சுவதைக் கடனுக்குக் கட்டுவதே நல்ல ஒழுங்கு.

கடைசிப் படி

கடைசித் தவணை கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் வந்துவிடுகிறார்கள். முடியவில்லை. ஈடு மீட்கப்பட்டதற்கான பத்திரத்தைப் பெற்று, அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பதியாவிட்டால், நாளை பிள்ளைக்கு அக்காணியை எழுதும்போது பழைய ஈடு தலை காட்டும். ஓடும்போது உறுதியைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். மீட்ட உறுதியைப் பழையபடி கைப்பைக்குள் வையுங்கள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு இனி ஓட வேண்டி வராதிருக்கட்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது வீட்டுக் கடனில் இன்று மிஞ்சியுள்ள முதல் எவ்வளவு? அது கணவன், மனைவி இருவருக்கும் தெரியுமா?

2. ஊரடங்கில் நின்ற செலவுகளுள் எவற்றை இன்றும் குறைக்கலாம்?

3. விதைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிய பின், ஒரு போகத்தில் எவ்வளவு முந்திக் கட்ட இயலும்?