ஊர்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை கடக்கும் படிகள்

சோற்றை உண்பவர் உழுதவரையும் புடைத்தவரையும் நினையாதவாறுபோல, பத்திரிகையைப் படிப்பவர் அதிலுள்ள கட்டுரையொன்று எத்தனை கைகளைக் கடந்து தம்மிடம் வந்ததென்று நினைப்பதில்லை. நாடெங்குஞ் செல்லும் நாளிதழ்களுக்குச் சம்பளம் பெறும் நிருபர்களும் உதவி ஆசிரியர்களும் பலருளர். ஓர் ஊராரோ ஒரு சங்கத்தாரோ தமக்கென நடத்தும் சிறு பத்திரிகைக்கு அவ்வசதி இல்லை. அதனினும் பெரிய வேறுபாடொன்று உண்டு. ஊர்ப் பத்திரிகையில் எழுதுவோரும், எழுதப்படுவோரும், படிப்போரும் ஒரே தெருவில் வாழ்பவர். அதன் பிழையால் நொந்தவரை மறுநாட் காலையிலேயே நாம் கடைத்தெருவிற் காண நேரும். ஆதலின், ஒரு விஷயம் எழுதுவார் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது முதல் அச்சேறி வீடு சேரும் வரையில் கடக்க வேண்டிய படிகள் எவை, அவற்றுள் எதனையும் விட்டுச் செல்லல் ஆகாமை ஏன் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இம்முயற்சி நமக்குப் புதியதன்று. 1841-ஆம் ஆண்டு ஜனவரியில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனார் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகத் தொடங்கினர். மானிப்பாய் அச்சுக்கூடத்தில் அச்சான அதற்கு ஆசிரியராயிருந்தோர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என மேனாட்டுப் பெயர் பூண்ட யாழ்ப்பாணத் தமிழர் இருவர். நம் காலத்திலும் ஒரு நல்லுதாரணம் உண்டு. 2002-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூடப் பகுதியிற் கிராமப் பெண்கள் சிலர் ‘கபர் லஹரியா’ என்னும் பத்திரிகையைத் தம் வட்டார மொழியாகிய புந்தேலியில் நடத்தத் தொடங்கினர். செய்தி திரட்டல், எழுதல், செப்பனிடல், பிரதிகளை ஊர்தோறும் கொண்டு விற்றல் ஆகிய எல்லாவற்றையும் அவர்களே செய்தனர். 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு அதற்குக் கிடைத்தது. பின்னர் அது அச்சை விடுத்து இணையத்தின் வழியே செய்தி வழங்கலாயிற்று. எழுதியவரே விற்கவும் சென்றமையால், எழுதியதற்கு விடை சொல்லும் பொறுப்பும் அவரை விட்டு நீங்கவில்லை என்பது கருதத்தக்கது.

இனி, படிகளை விளக்கச் சோழவரத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையையொட்டியுள்ள இவ்வூரின் ஏரி, புழல் ஏரிக்கு நீரளித்துத் தலைநகரின் தாகந் தீர்ப்பது. உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமும், பிற்காலத்தில் அதிற் பல்லாண்டு நடந்த மோட்டார்ப் பந்தயங்களும் இவ்வூர்ப் பெயரைப் பரப்பின. இன்னும் வடக்கே சென்றால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை உள்ளது. இத்தகைய ஊரில் இளைஞர் சிலர் கூடி மாதப் பத்திரிகையொன்று தொடங்குவதாகவும், ஐப்பசி இதழில் ஏரியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட விரும்புவதாகவும் வைத்துக்கொள்வோம்.

முதற்படி பணித்தல். “ஏரியைப் பற்றி எழுதுக” என்பது பணித்தலாகாது, அதற்கு எல்லையில்லை. “ஏரி நிரம்பினால் உபரி நீர் எவ்வழிச் செல்லும்? அவ்வழியில் வாழ்வோர் எச்சரிக்கையை யாரிடமிருந்து பெறுவர்?” என்று வினாவாகக் கொடுத்தலே முறை. வினா தெளிவாயின், எவரைக் கண்டு கேட்பது, எங்கே நிறுத்துவது என்பன தாமே விளங்கும். எத்தனை சொல், எந்த நாளுக்குள் என்பனவும் அப்பொழுதே குறிக்கப்பட வேண்டும். ஊதியமின்றி உழைப்பவர் இவராதலின், இயலாதபோது முன்னரே சொல்லிப் பணியைத் திருப்பித் தருதல் குற்றமன்று என்பதையும் சொல்லிவிடல் நலம். இறுதி நாள்வரை மௌனமாயிருப்பதே இதழைக் கெடுப்பது.

இரண்டாம் படி திரட்டலும் எழுதலும். எழுதுவார் கரையோரத்து முதியோரையும் நீர்வளத் துறையினரையும் கண்டு கேட்க வேண்டும். எதை எவர் சொன்னார், எந்நாளிற் சொன்னார் என்று குறிப்பேட்டிற் பதிந்து, கைப்பிரதியுடன் அதனையும் பத்திராதிபரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

மூன்றாம் படி செப்பனிடல். பத்திராதிபர் முதலிற் பார்க்க வேண்டியது, கொடுத்த வினாவுக்கு விடை வந்துளதா என்பதே. வந்திராவிடின் நடையழகு எவ்வளவிருப்பினும் திருப்பி அனுப்புதலே தகும். வந்திருப்பின், எழுதியவர் குரலை மாற்றாது, மிகையை நீக்கி, முறையைச் சீராக்க வேண்டும். திருத்தியதை அவரிடமே ஒருமுறை காட்டவும் வேண்டும்.

நான்காம் படி மெய்ம்மை காணல். சிறு பத்திரிகைகள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இதுவே. எழுதியவரும் செப்பனிட்டவருமல்லாத மூன்றாமவர் ஒருவர், ஒவ்வோர் எண்ணுக்கும் பெயருக்கும் கீழே கோடிட்டுச் சான்று தேட வேண்டும். சோழவரம் ஏரியின் கொள்ளளவு பழைய செய்திகளில் 881 மில்லியன் கன அடி என்றிருக்கும். பின்னர் உயர்த்திக் கொள்ளப்பட்ட அளவு 1,081 மில்லியன் கன அடி. பழையதைப் பார்த்து எழுதுவார் தவறுவது எளிது. 1,000 மில்லியன் கன அடி ஒரு டி.எம்.சி. ஆதலின், 1,081 டி.எம்.சி. என்று எழுதினால் ஏரி ஆயிரம் மடங்கு பெருத்துவிடும். ஏரியில் தேங்கிய நீரைக் கன அடியாலும், வெளியேறும் நீரை வினாடிக்கு இத்தனை கன அடி என்றும் அளப்பர். இவ்விரண்டையும் மயங்கக் கூறுவாரும் உளர். வினாடிக்கு 500 என்பது 5,000 என்று அச்சேறினால், மழையிரவில் ஒரு குடும்பம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறக்கூடும். 5,000 என்பது 500 ஆகிவிட்டாலோ, வெளியேற வேண்டியவர் உறங்கிவிடுவர்.

பிறர்மீது குறை கூறுங் கட்டுரைக்கு இப்படி இன்னும் இன்றியமையாதது. நியாயவிலைக் கடையில் எடை குறைகிறதென்று எழுதினால், அச்சிடுமுன் கடைக்காரரின் விடையைக் கேட்டு அதனையும் சேர்த்தல் வேண்டும். ஆலைக் கழிவைப் பற்றி எழுதுவாரின் தமையனார் அவ்வாலையிற் பணிபுரிவாராயின், அப்பணியை வேறொருவரிடம் ஒப்படைத்தலே நேர்மை.

ஐந்தாம் படி பக்க அமைப்பும் பிழைதிருத்தமும். ஒரு தாளை ஒரு முறை மடித்தால் நான்கு பக்கம். ஆகவே இதழின் பக்கங்கள் நான்கு, எட்டு, பன்னிரண்டு என்றே வளரும். அரைப் பக்கம் மிஞ்சினால் எதை நீக்குவதென்று பத்திராதிபரே முடிவு செய்ய வேண்டும். அச்சுக்கூடத்தார் கத்தரிக்க விடலாகாது. கணினியில் ஓர் எழுத்துருவை மற்றோர் எழுத்துருவுக்கு மாற்றுங்கால் கொம்பும் காலும் இடம் மாறுதலுண்டு. ‘ஏரிக்கரை’ ‘ஏரிக்கறை’யாதலும், ‘மழை’ ‘மலை’யாதலும் உண்டு. ஒருவர் உரக்கப் படிக்க மற்றொருவர் மூலத்தோடு ஒத்துப் பார்த்தலே சிறந்த வழி. தலைப்பையும் படத்தின் கீழுள்ள பெயரையும் தனியே ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லாரும் சரியென்று நம்பிவிடுவதாற் பிழை தங்குமிடங்கள் அவையே.

இறுதிப்படி வெளியிடல். 1867-ஆம் ஆண்டுப் பழஞ்சட்டத்துக்கு மாற்றாக 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ளது. பத்திரிகை தொடங்குவார் அதனை அறிந்து நடத்தல் வேண்டும். வெளியிடுவார், அச்சிடுவார், ஆசிரியர் பெயர்களை ஒவ்வோர் இதழிலும் தெளிவாக அச்சிடுதல், கேட்பவருக்கு விடை சொல்ல நாம் இங்கிருக்கிறோம் என்று அறிவிப்பதாகும். பிழை தெரியவந்தால் அடுத்த இதழில் எளிதிற் காணுமிடத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். வெள்ளம் போன்ற உயிர்க்காரியமாயின் அடுத்த மாதம் வரை காத்திராது, அன்றே துண்டுத்தாள் அச்சிட்டு வீடுதோறும் சேர்ப்பிக்க வேண்டும்.

இவ்வாறு படிகள் பலவாயினும் அவற்றின் உயிர் ஒன்றே. ஒவ்வொரு படியிலும் நிற்பவருக்குக் கட்டுரையை நிறுத்தித் திருப்பியனுப்பும் உரிமை இருத்தல் வேண்டும். அவ்வுரிமையில்லாத படி வெறும் சடங்கு. எழுதியவர் மூத்தவராகவோ, நன்கொடை தந்தவராகவோ, நண்பராகவோ இருப்பினும், “இவ்வெண்ணுக்குச் சான்றில்லை” என்று இளையவர் ஒருவர் சொன்னால் கட்டுரை நிற்க வேண்டும். இதற்கு ஒரு நோட்டுப்புத்தகம் போதும். கட்டுரையின் வினா, எழுதுபவர், பணித்த நாள், தர வேண்டிய நாள், செப்பனிட்டவர், மெய்ம்மை கண்டவர், பிழை திருத்தியவர், வெளிவந்த இதழ் என எட்டுக் கட்டங்கள் வரைந்து, அவரவர் பணி முடிந்தவுடன் கையொப்பமிட்டு வர வேண்டும். ஒரு கட்டம் வெறுமையாயிருப்பின் அக்கட்டுரை அச்சுக்குப் போகலாகாது. அவ்விடத்தை அடுத்த மாதம் நிரப்பலாம்.

நம் கல்லூரி மாணவர் பலர் விடுமுறையில் தத்தம் ஊர் செல்வர். அங்கே ஒரு பத்திரிகை தொடங்கப்படின், கட்டுரை எழுத முன்வருவோர் பலரிருப்பர். மெய்ம்மை காணவும் பிழை திருத்தவும் முன்வருவோர் சிலரே. அப்பணி செய்வார் பெயர் கட்டுரையின் மேல் அச்சேறுவதில்லை. ஆயினும் ஊரார் அப்பத்திரிகையை நம்பிப் படிப்பது அவராலேயே என்பதை உணர்ந்து, நம் மாணவர் அவ்விடத்தை விரும்பி ஏற்பாராக.