பிள்ளையின் அறிவும் பெற்றோர் கடனும்

ஒரு மகன் உருவாவதில் யார் யாருக்கு என்னென்ன கடமை உண்டு என்பதைப் புறநானூற்றுப் புலவர் பொன்முடியார் ஒரு பாட்டில் பங்கிட்டுத் தருகிறார். ஈன்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு என்னுமளவில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கொல்லனையும் வேந்தனையும் அவ்வரிசையில் சேர்த்ததே பாட்டின் நுட்பம் எனலாம். கொல்லன் கருவியை வடித்துத் தருகிறான். மறக்குடியில் அக்கருவி வேலாக இருந்தது. அறிவுத்துறையில் அது எது? பிள்ளைகளின் அறிவையும் படைப்பாற்றலையும் பெற்றோர் எங்ஙனம் வளர்க்கலாம் என்னும் வினாவை இப்பாட்டின் வழிநின்று ஆராய்வோம். சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

நம் திருவண்ணாமலைக்கு வடமேற்கே நீண்டு கிடக்கும் சவ்வாது மலைத்தொடரில் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1989க்கு முன்னர் நம் ஊரும் அவ்வூரும் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அங்குள்ள வானாய்வகத்தின் பெருந்தொலைநோக்கி 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்டது. அது 1986ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட அத்தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைனு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தாம் திட்டமிட்ட அக்கருவி நிறைவுறுவதைக் காணாமலேயே 1982இல் அவர் மறைந்தார்.

வைனு பாப்பு 1927இல் சென்னையில் பிறந்தவர். பெற்றோருக்கு ஒரே மகன். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தார். அவ்வானாய்வகத்தின் வரலாறு நம் கவனத்துக்குரியது. 1901இல் அதனைத் தோற்றுவித்தவர் நவாப் ஜஃபர் ஜங் என்னும் பிரபு. வானியலில் கொண்ட காதலால் தம் பொருளைச் செலவிட்டு அயல்நாட்டிலிருந்து பெருந்தொலைநோக்கியை வருவித்தார். அவர் மறைவுக்குப் பின் நிஜாம் அரசு அதனை ஏற்று நடத்தியது. அங்குள்ள கருவிகளைக் கண்டும் தொட்டும் சிறுவர் வைனு வளர்ந்தார். கல்லூரி மாணவராயிருந்தபோதே மாறொளி விண்மீன்களை நோக்கி, கண்டவற்றை ஆய்வுக் குறிப்புகளாக வெளியிட்டார். பின்னர் ஹைதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949 சூலைத் திங்களில், 22 வயது நிரம்புமுன்னரே, அவர் எடுத்த நிழற்படத் தட்டில் புதிய வால்மீன் ஒன்று தென்பட்டது. அவ்வால்மீன் பாப்பு, போக், நியூகர்க் என்னும் மூவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பொன்முடியாரின் பங்கீடு இங்கே அப்படியே பொருந்தக் காண்கிறோம். கருவி தந்த கொல்லனாக நவாப் நிற்கிறார். உதவித்தொகை தந்த அரசு வேந்தனின் கடனைச் செய்தது. தந்தை செய்தது யாது? தம் தொழிலின் அருகே மகனை நிற்கவிட்டார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்செயலே, மகனைச் சான்றோனாக்கும் கடனின் பெரும்பகுதி என்பது நம் துணிபு.

நம் ஊர்ப் பெற்றோர் தனிப்பயிற்சிக்கும் விடுதிப் பள்ளிக்கும் செலவிடும் பொருள் சிறிதன்று, கடன்பட்டும் செலவிடுகின்றனர். அதனை நாம் குறைகூற முன்வரவில்லை. எனினும், அத்தனை செலவு செய்யும் வீட்டிலேயே பிள்ளை கேட்கும் வினாவுக்கு ‘அதிகப்பிரசங்கி’ என்ற பட்டம் கிடைக்கிறது. கேட்பவள் பெண்ணாயின் ‘வாயாடி’ என்பர். பணம் கொடுத்து விதைத்ததை ஒரு சொல்லால் கிள்ளி எறிவது என்ன கணக்கோ!

திருவண்ணாமலைப் பிள்ளை ஒருவன் இப்படிக் கேட்பதாகக் கொள்வோம்: “மலைமேல் தீபம் ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்திலேயே வருகிறது; அதற்கும் நிலவுதான் கணக்கு என்கிறார்கள். நம் நோன்பு மட்டும் ஏன் ஆண்டுக்காண்டு இடம் மாறுகிறது, வாப்பா?” இவ்வினா வேறு பல ஊர்களில் எழுவதற்கு வாய்ப்புக் குறைவு. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றிவரும் பெருங்கூட்டத்தையும், மஃரிபு வேளையில் மாடியேறிப் பிறை தேடும் பெரியோரையும் ஒரே தெருவிலிருந்து காண்பவனுக்கே இது தோன்றும். விடை கடினமன்று. தமிழ் மாதங்கள் கதிரவனைக் கொண்டு எண்ணப்படுகின்றன; ஆதலின் கார்த்திகை பருவம் மாறுவதில்லை. ஹிஜ்ரி ஆண்டு பன்னிரண்டு பிறை மாதங்களால் ஆகிய ஏறத்தாழ 354 நாள் கொண்டது. கதிரவன் ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. எனவே ரமளான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. பத்து வயதில் மே மாத வெயிலில் நோன்பைக் கண்டவன் இருபத்தாறாம் வயதில் கார்த்திகைக் குளிரில் அதனைக் காண்பான்.

இவ்விடையைத் தந்தை அறிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. “எனக்குத் தெரியவில்லை, வா, பார்ப்போம்” என்று சொல்லத் தெரிந்தால் போதும். சுவரிலுள்ள நாட்காட்டியில் இரவுதோறும் நிலவின் வடிவத்தைப் பென்சிலால் வரைந்துவரச் செய்யலாம். இரண்டு மூன்று மாதங்களில், மாதம் 29 நாளிலோ 30 நாளிலோ முடிவதைப் பிள்ளை தானே கண்டுகொள்வான். வளர்பிறை நாட்களில் நிலவு அன்றாடம் பிந்தி மறைவதும் அவனுக்குப் புலப்படும். பிறைகளைப் பற்றி மக்கள் கேட்ட வினாவைத் திருக்குர்ஆன், அல்பகரா அத்தியாயத்தில் எடுத்துரைத்து விடையும் அளிக்கிறது. கேட்டவர் எவரும் அங்குக் கடிந்துரைக்கப்படவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ளல் தகும்.

எல்லார் தந்தையும் வானாய்வகத்தில் பணிபுரிவதில்லையே என்பார் உளர். நம் மாவட்டத்து வந்தவாசியில் கோரைப்பாய் நெய்யும் குடும்பங்கள் உண்டு. பாயின் ஓரக்கட்டும் நடுப்பூவும் சாயமேற்றிய கோரைகளை எண்ணி எண்ணி இடுவதால் அமைவன. எத்தனைக்கு ஒரு சிவப்பு என்று பிள்ளை வினவுமாயின் அது கணக்குப் பாடத்துள் நுழைந்துவிட்டது. தானே ஒரு பூவைத் தாளில் வரைந்து காட்டுமாயின் அது படைப்பு. தையற்கடைக்கும் அடுப்படிக்கும் இஃது ஒக்கும். ஆயினும் பிள்ளையைத் தொழிலுக்கு அருகில் நிறுத்துவது வேறு, தொழிலில் பூட்டுவது வேறு. பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளையைத் தறியில் அமர்த்தும் வறுமைக்கு நம் கூற்றைச் சான்றாகக் கொள்ளலாகாது.

பொன்முடியார் பாட்டு மகனைப் பற்றியது. மகளுக்கு இக்கடன் இல்லையோ என ஐயுறுவோர்க்கு வரலாறு விடை சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு நதீம் தொகுத்த நூற்பட்டியலில், விண்மீன் உயரம் அளக்கும் அஸ்தர்லாப் கருவி செய்வோர் வரிசையில் ஒரு பெண்ணும் இடம்பெறுகிறார். அல்இஜ்லிய்யா எனப்படும் அவர் ஹலப் நகரத்து ஆட்சியாளர் சைஃபுத் தவ்லாவிடம் பணிபுரிந்தவர். அவருடைய தந்தையும் அக்கருவி செய்தவரே. பட்டறைக்குள் மகளையும் அனுமதித்த தந்தை ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார். வருகின்ற ஷஅபான் இருபத்தொன்பதாம் நாள் மாலையில், நம் வீட்டு மாடியில் பிறை தேடுவோருள் நம் மகளும் நிற்பாளா?