கன்டினியுவேஷன் பள்ளியா, பழைய பள்ளியா?

கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்குக் கிரெடிட் குறைந்துவிட்டால் மூன்று வழிகள் உண்டு: அதே பள்ளியில் விட்ட பாடங்களை முடிப்பது, கிரெடிட்டில் பின்தங்கியவர்களுக்கான சிறிய கன்டினியுவேஷன் பள்ளிக்கு மாறுவது, பெரும்பாலும் தானே படிக்கும் இண்டிபெண்டன்ட் ஸ்டடியில் சேர்வது. மூன்றும் அரசுப் பள்ளி முறைக்குள் அடங்கியவை, கட்டணமில்லை.

கன்டினியுவேஷன் பள்ளி என்றதும், ‘அங்கே எப்படிப்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள்?’ என்பதே பெற்றோரின் முதல் கேள்வியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் துணையாக எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். இரண்டுக்கும் விடை, ஆண்டுதோறும் பிப்ரவரி 1-க்குள் ஒவ்வொரு பள்ளியும் வெளியிடும் எஸ்.ஏ.ஆர்.சி. (பள்ளிப் பொறுப்புடைமை) அறிக்கையில் இருக்கிறது.

மாணவர் கணக்கு

இனம், வருமானம், ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறனாளிகள் என்று சதவீதங்கள் தரப்பட்டிருக்கும். 80 பேர் படிக்கும் பள்ளியில் நால்வர் மாறினாலே 5 சதவீதம் மாறிவிடும். அக்டோபரில் ஒரு நாள் எடுக்கும் கணக்கு இது. கன்டினியுவேஷன் பள்ளியிலோ ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். ஆகவே ஓராண்டு எண்ணை வைத்து எடை போடாதீர்கள்; மூன்றாண்டு அறிக்கைகளைச் சேர்த்துப் பாருங்கள்.

பணியாளர் கணக்கு

ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. 100 பேருக்கு அரை நேர ஆலோசகர் என்றால் விகிதம் 200 என்று நன்றாகவே தெரியும்; ஆனால் பாதி வாரம் அந்த அறை பூட்டியிருக்கலாம். எந்தெந்த நாள் வருவார் என்று கேளுங்கள். ஆசிரியர் சிலரே என்பதால் ஒருவரே பல பாடம் எடுக்க நேரும். தமக்கு உரிமம் இல்லாத பாடத்தை எத்தனை பேர் நடத்துகிறார்கள் என்பதும் அறிக்கையில் உண்டு.

எது யாருக்கு?

ஓரிரு பாடம் மட்டும் பாக்கி, கலிபோர்னியா பல்கலைக்கழகக் (யூ.சி.) கனவும் உண்டு என்றால் பழைய பள்ளியே நல்லது. அதன் சேர்க்கைக்குத் தேவையான 15 ஏ-ஜி பாடங்கள் சிறிய பள்ளியில் முழுமையாகக் கிடைக்காமல் போகலாம்.

16 வயது நிரம்பி, வேலைக்கும் போகும் பிள்ளைக்குக் கன்டினியுவேஷன் பொருந்தும். பொதுவாக வாரத்துக்கு 15 மணி நேர வகுப்பு.

தானே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு மட்டுமே இண்டிபெண்டன்ட் ஸ்டடி. அதில் சேரும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கன்டினியுவேஷனுக்குக் கட்டாயமாக மாற்ற முனைந்தால், முடிவுக்கு முன் கூட்டம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்காதீர்கள், அறிக்கையோடு போய் உட்காருங்கள்.